அயோசேயின் இடப்பக்கம்

அக்டோபர் 14, செவ்வாய்

வடகிழக்குக் காற்று, லேசாக. அலை இடுப்பளவு. எங்கள் அலைச்சறுக்குப் பள்ளியின் புதியவர்கள் பெரிய மணல் கரையில், அடுத்த நிலைக்காரர்கள் துறைமூலையில். லா முவேலாவில் அலையே இல்லை. கறுப்புப் பாறை வெயிலில் காய்ந்துகொண்டிருக்கிறது.

இந்த வாரம் வந்தவர்களிடம் எவ்வளவு பழக்கம் என்று வழக்கம்போல் கேட்டேன். வழக்கம்போல் எல்லோரும் ‘நடுத்தரம்’ என்றார்கள். என்றோ ஒரு கோடை விடுமுறையில் ஒரு தடவை பலகைமேல் முழங்காலிட்டிருக்கிறார்கள் என்று அதற்குப் பொருள். நான் வாயைக் கேட்பதில்லை. பலகையைத் தூக்கிக்கொண்டு மணலில் எப்படி நடக்கிறார்கள் என்று பார்க்கிறேன். பலகை காலில் இடித்தால் பெரிய மணல். இடிக்காவிட்டால் துறைமூலையைப் பற்றி யோசிக்கலாம். லா முவேலாவுக்கு மாணவர் யாரையும் கூட்டிப்போவதில்லை. எரிமலைக் குழம்பு கடலுக்குள் ஓடி உறைந்த பாறை அது. அலை அதன்மேல் முழங்கால் ஆழத்தில் உடைகிறது. அது என் கணவன் அயோசேக்கும், ஊர் ஆண்கள் சிலருக்கும்.

புதிதாக ஒரு அம்மாள், பெகோஞா. வயாதோலித் நகரில் லத்தீன் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். குளிர்காலம் முழுவதும் இங்கே தீவில் வீடு எடுத்திருக்கிறார். பலகை இரண்டு காலிலும் இடித்தது.

“நான் நடுத்தரம்னு சொன்னேனே?”

“சொன்னீங்க. கடல் என்ன சொல்லுதுன்னு ஒரு வாரம் பாப்போம்.”

“காலம் பூரா பிள்ளைங்களுக்கு மார்க் போட்டவ நான். எனக்கே ஃபெயிலா?”

“ஃபெயில் இல்ல. முதல் வகுப்பு.”

கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஒண்ணாங்கிளாஸ்னு சொல்றீங்க” என்றார். பிடித்துவிட்டது அவரை.

வேனின் இடப்பக்கக் கண்ணாடி மறுபடி உடைந்திருக்கிறது. சாமான் வண்டிக்காரன் ஒட்டி வந்தானாம். அயோசே சொல்கிறான்.


அக்டோபர் 16, வியாழன்

பாலைவனத்துப் புழுதிக் காற்று. ஆப்பிரிக்காவே வானத்தில் நிற்கிறது. யாரையும் இறக்கவில்லை.


அக்டோபர் 21, செவ்வாய்

அலை மார்பளவு, இடைவெளி நீளம். துறைமூலைக்கு ஏற்ற நாள். பெகோஞா ஒரு வாரமாகப் பெரிய மணலில் நன்றாக எழுந்து நிற்கிறார், அதனால் அவரையும் துறைமூலைக் குழுவில் சேர்த்தேன். குழுவுக்கு அயோசே தலைமை. நான் கரையில்.

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

அயோசே மாணவர்களுக்குக் காட்டுவதற்காக ஓர் அலையை எடுத்தான். இடப்பக்கம் ஓடும் அலை. பெகோஞா அவனுக்கு இடப்பக்கத்தில், அலைக்கு வெளியே ஒதுங்கி, கையால் துழாவி உள்ளே போய்க்கொண்டிருந்தார். நான் சொல்லிக்கொடுத்த வழியில், இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தார். அயோசே அலையை விட்டு வெளியேறுவதற்காக இடப்பக்கம் வளைந்தான். நேராக அவர்மேல் போனான். பலகையின் அடியில் இருக்கும் சிறகு அவர் தொடையைக் கிழித்தது.

தையல் போட்டார்கள். எலும்புக்கு ஒன்றுமில்லை.

“எங்கிருந்து வந்தாங்க அந்தம்மா? வெறும் தண்ணிடா அது. வெறும் தண்ணியாத்தான் இருந்துச்சு” என்று கரையில் எல்லோரிடமும் சொன்னான். மாணவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் பொய் சொல்லவில்லை. அவன் பொய் சொல்லும்போது எனக்குத் தெரியும். அதனால்தான் பயமாக இருந்தது.

அவன் தலை லேசாக இடப்பக்கம் திரும்பியிருந்தது. கண்ணும் திறந்திருந்தது. ஆனாலும் பார்க்கவில்லை.


அக்டோபர் 22, புதன்

இன்று மேசையில் ஒரு சோதனை செய்தேன். பெருமையான காரியமில்லை.

வியேஹா மீன் சுட்டு, உருளைக்கிழங்கு அவித்து வைத்திருந்தேன். மோஹோ மிளகாய்ச் சாற்றுக் கிண்ணத்தை அவன் இடது முழங்கைக்குப் பக்கத்தில் வைத்தேன். அவன் மேசையெல்லாம் தேடினான். எழுந்து அடுப்படிக்குப் போனான்.

“மோஹோ செய்யலையா?”

“உன் பக்கத்துல இருக்கு.”

தலையை முழுதாகத் திருப்பினான். “ஓ” என்றான். சாப்பிட்டான்.

போன மாதம் வாசலில் படுத்திருந்த நாயை மிதித்தான். கடைக்கார இனெஸ் கையாட்டினால் பதில் இல்லை, தலைக்கனம் வந்துவிட்டதென்று அவள் என்னிடம் புகார் சொன்னாள். வேன் கண்ணாடி. எல்லாமே இடப்பக்கம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாள் வந்ததால் நான் கோக்கவில்லை.


அக்டோபர் 23, வியாழன்

அயோசேயிடம், கண்ணை டாக்டரிடம் காட்டிவிட்டு வரும்வரை மாணவர்களோடு தண்ணீரில் இறங்க வேண்டாம் என்று சொன்னேன்.

சிரித்தான். “யுரே, நீ எனக்கே இடம் ஒதுக்கறியா? என்னை எதுல போடப்போற, பெரிய மணல்லயா?”

“இப்போதைக்குக் கரையில.”

சிரிப்பு நின்றது. இதைரா பலகை கழுவிக்கொண்டிருந்தாள். அவள் அயோசேயின் அக்கா மகள், எங்களோடு பயிற்சியாளராக இருக்கிறாள். குழாயை மூடிவிட்டு உள்ளே போய்விட்டாள்.


அக்டோபர் 30, வியாழன்

பருவத்தின் முதல் பெரிய வடக்கலை. காலையில் மொட்டைமாடி ஏறும்போதே சத்தம் கேட்டது. பெரிய மணலில் எவரையும் இறக்க முடியாது, உள்ளிழுக்கும் நீரோட்டம். வகுப்புகளை ரத்து செய்தேன்.

அயோசே விடிந்ததும் லா முவேலாவுக்குப் போய்விட்டான். நான் பின்னால் போய்ப் பாறைமேல் உட்கார்ந்தேன். வேறு என்ன செய்ய? அங்கே நான் யாருக்கும் இடம் ஒதுக்குபவள் இல்லை.

அவனைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்பதை எழுதித்தான் ஆக வேண்டும். வீட்டு உயரத்துக்கு அலை. அவன் எழுந்த இடம் சரி, இறங்கிய கோடு சரி, சுருளும் அலையின் குகைக்குள் போய் வெளியே வந்தான். மறுபடி போனான், மறுபடி வந்தான். யாரும் அவன் குறுக்கே வரவில்லை. லா முவேலாவில் அலைக்காக அடித்துக்கொள்வார்கள். இன்று அவன் திரும்பிப் பார்த்த அலையையெல்லாம் மற்றவர்கள் விட்டுக்கொடுத்தார்கள்.

சொட்டச் சொட்ட மேலே வந்தான். ஐந்து வயது பையன்போல முகம்.

“பாத்தியா? கண்ணு தெரியாதவன் புடிக்கிற அலையா அது?”

“இல்ல” என்றேன்.

“அம்பதை நெருங்கறேன். இன்னும் அங்க ஒரு அலையைப் புடிக்க நான் கை போட்டா எவனும் கை போடறதில்ல. அது பயமில்ல யுரே, மரியாதை.”

வீட்டுக்கு வரும்வரை விசிலடித்துக்கொண்டே வந்தான். நான்தான் தவறாகக் கணித்துவிட்டேனோ?


நவம்பர் 2, ஞாயிறு

சானோவைப் பார்க்கப் போனேன். படகுத்துறைக்குப் பின்னால், உடைந்த பலகைகளுக்கு ஒட்டுப்போடும் கொட்டகை அவனுடையது. அயோசேயும் அவனும் சிறுவயதிலிருந்தே லா முவேலாவில் போட்டியாளர்கள். இருபது வயதில் ஓர் அலைக்காக ஒருவர் பல்லை ஒருவர் உடைத்துக்கொண்டவர்கள். யாரைக் கேட்டால் உண்மை வருமென்றால், அவனைத்தான்.

“சானோ, ஒண்ணு கேக்கறேன். அயோசே தண்ணியில எப்படி இருக்கான்?”

பலகையைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். “ஏ புள்ள, உனக்கு இப்பத்தான் தெரியுதா?”

“எது?”

“அவனுக்கு இடப்பக்கம் இல்லைங்கறது.”

நான் உட்கார இடம் தேடினேன்.

“போன குளிர்காலத்துல ஒருநாள் தண்ணியில அவன் பக்கத்துலயே உக்காந்து பேசிக்கிட்டிருக்கேன். கொஞ்ச நேரம் நான் வாயை மூடினேன். உடனே அந்தப் பக்கம் இருந்தவன்கிட்ட, ‘சானோ எங்கடா போனான்?’னு கேக்கறான். கை நீட்டினா என்னைத் தொடலாம். நான் வெளையாடறான்னு நெனச்சு சிரிச்சேன். அப்புறம் சிரிக்கல.”

“அதனால?”

“அதனால என்ன? லா முவேலா இடப்பக்கம் ஓடற அலை. எவனாவது குறுக்க நுழைஞ்சா இடப்பக்கத்துலேர்ந்துதான் நுழைவான். நாங்க நுழையறதில்ல. எல்லாரும் பேசிவெச்சுக்கிட்டோம். அவன் கை போட்டா அந்தப் பக்கம் காலி. ராஜா ஊர்வலம் போற மாதிரி போறான். போகட்டுமே. யாருக்கு என்ன நஷ்டம்?”

“வெளியூர்க்காரன் எவனாவது வந்து உக்காந்தா?”

“வெளியூர்க்காரனை நாங்க பாத்துக்குவோம்.”

“துறைமூலையில பெகோஞாவை யாரு பாத்துக்கிட்டா?”

தேய்த்துக்கொண்டிருந்த உப்புத்தாளைக் கீழே வைத்தான். “தையல் பிரிச்சாச்சா அந்தம்மாவுக்கு?” என்று மட்டும் கேட்டான்.


நவம்பர் 4, செவ்வாய்

அலை முழங்காலளவு. எல்லோரும் பெரிய மணலில்.

சானோ சொன்னதை இதைராவிடம் சொன்னேன். அவளுக்கும் ஓரளவு தெரிந்திருந்தது. ஊரில் எனக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியாது போலிருக்கிறது.

“சொல்லாதீங்க அத்தை. மாமாவுக்கு அது ஒண்ணுதான் இருக்கு.”

“நான் இல்லையா?”

“ஐயோ, அப்படிச் சொல்லல. அவங்க எல்லாரும் பிரியத்துல செய்யறாங்க. நீங்க போட்டு உடைச்சா, மாமா மறுபடி அங்க யார் மொகத்துல முழிப்பாரு?”

அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. என் பக்கத்திலும் இருக்கிறது. ஒருவன் எந்தக் கடலில் இறங்கலாம் என்று நான் முடிவு செய்ய வேண்டுமென்றால், அவன் எப்படி நிற்கிறான் என்று எனக்குத் தெரிய வேண்டும். அவன் எப்படி நிற்கிறான் என்று அவனுக்கும் தெரிய வேண்டாமா?


நவம்பர் 8, சனி

சொல்லிவிட்டேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. கத்துவான் என்று நினைத்திருந்தேன். கத்தவில்லை.

“எப்பலேர்ந்து?”

“போன குளிர்காலத்துலேர்ந்து.”

“எல்லாருமா?”

“எல்லாரும்.”

“சானோவும்?”

“அவன்தான் ஆரம்பிச்சது.”

தட்டுகளை எடுத்துக் கழுவினான். ஒவ்வொன்றாக, ரொம்ப நேரம். கழுவியதையே மறுபடி கழுவினான். “அந்தக் குகைக்குள்ள போனேனே, அன்னைக்கு. அதுவும் போட்ட பிச்சையா?” என்று கேட்டான். என் பக்கம் திரும்பவில்லை.

“அலையை யாரும் போட முடியாதுடா. அதை நீதான் ஓட்டின.”

“காலி பண்ணிக் கொடுத்தாங்க இல்ல?”

வேனில் போய் உட்கார்ந்துகொண்டான். வண்டியைக் கிளப்பவில்லை.

ஏன் சொன்னேன். சொல்லாம இருந்திருக்கலாமோ. இல்ல. இல்லவே இல்ல. நாளைக்கு எவனாவது தலை பொளந்து கெடந்தா அப்ப யாரு வந்து — ஆனா அவன் மொகம். அத எழுத வரல எனக்கு. போதும்.


நவம்பர் 9, ஞாயிறு

கடல் நேற்றைவிடப் பெரிது. காற்று இல்லை. லா முவேலாவுக்கு இதைவிட நல்ல நாள் வருடத்தில் அபூர்வம்.

அவன் போனான். நானும் போனேன். கரையிலிருந்து பார்த்ததையும், சானோ பிறகு சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன்.

உள்ளே போனதும் அயோசே எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னானாம்: “இன்னைலேர்ந்து எவனும் எனக்கு வழி விட வேணாம். அலை யாருக்கோ அவனுக்கு. குறுக்க வரணுமா, வாங்க. எப்பவும் போல.”

சானோ, “சரிடா. எப்பவும் போல” என்றான்.

முதல் நல்ல அலை வந்தது. அயோசே கை போட்டான். அவன் இடப்பக்கம் சானோவும் கை போட்டான். கரையில் நான் எழுந்து நின்றுவிட்டேன். இரண்டு பேரும் ஒரே அலையின் உச்சியில். கடைசி நொடியில் சானோ பலகையைப் பின்னுக்கு இழுத்தான். அயோசேயும் நிறுத்திவிட்டான். அலை யாருமில்லாமல் உடைந்தது.

“சத்தம் கேட்டுச்சுடா. கை போட்ட சத்தம் கேட்டுச்சு. ஏன் நிறுத்தின?” என்றானாம் அயோசே.

“என்னால முடியல.”

“ஏன் முடியல? பல்லை உடைச்சியே, அப்ப முடிஞ்சுதே!”

“அப்ப நீ என்னைப் பாத்தடா” என்றானாம் சானோ. “உன்னைக் கொல்ல எனக்கு மனசு வரல அயோசே. எவனுக்கும் வராது.”

சொல்லிவிட்டுப் பலகையைக் கரைப்பக்கம் திருப்பினான். அவன் பின்னால் இன்னொருவன். பிறகு எல்லோரும். ஒருவர் பின் ஒருவராக வந்து பாறைமேல் ஏறி, நான் உட்கார்ந்திருந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

கடலில் அயோசே மட்டும்.

அலைகள் வந்துகொண்டே இருந்தன. கண்ணாடிபோல, ஒன்றன்பின் ஒன்றாக, இந்த ஆண்கள் கனவில் காணும் அலைகள். அவன் எதற்கும் கை போடவில்லை. பலகைமேல் குதிரையில் உட்கார்வதுபோல் உட்கார்ந்து, ஒவ்வொரு அலையும் தனக்கடியில் ஏறி இறங்கிப்போக விட்டான். வெயில் பாறையைச் சுடவைக்கும்வரை அப்படியே இருந்தான். அப்புறம் வெள்ளை நுரை ஒன்றைப் பிடித்து, குப்புறப் படுத்தபடியே, முதல் நாள் மாணவன்போலக் கரைக்கு வந்தான்.

பாறையில் ஏற சானோ கை நீட்டினான். அயோசேயின் வலப்பக்கம் போய் நின்று நீட்டினான். அயோசே அந்தக் கையைப் பிடித்து ஏறினான்.

“இவ்ளோ நல்ல அலையை எல்லாம் வீணாக்கிட்டீங்களேடா” என்றான்.

யாரோ ஒருவன் சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.


நவம்பர் 10, திங்கள்

காப்பி குடித்துக்கொண்டே சொன்னான்: “ஆஸ்பத்திரியில நாள் கேளு.”


நவம்பர் 20, வியாழன்

அரெசிஃபே ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான் ஓட்டினேன்.

ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவில் ஒரு புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் அங்கங்கே சின்ன விளக்கு மின்னும், மின்னும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். நான் சுவர் ஓரம் நின்றேன். முதலில் அழுத்தினான், அழுத்தினான். பிறகு நெடுநேரம் சும்மா இருந்தான்.

“மெஷின் நின்னுபோச்சுங்களா?” என்று கேட்டான்.

“இல்லை. விளக்கு எரிஞ்சுகிட்டுத்தான் இருக்கு” என்றாள் சோதனை செய்த பெண். நல்ல பெண். மெதுவாகத்தான் சொன்னாள்.

கண் அழுத்த நோய். வலிக்காது, சிவக்காது, ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வரும். இரண்டு கண்ணிலும் இடப்பக்கம் பெரும்பாலும் போய்விட்டது. போனது வராது. சொட்டு மருந்தை விடாமல் போட்டால் இருப்பது நிற்கும். மருத்துவர் படம் காட்டினார்: நடுவில் வெளிச்சம், ஒரு பக்கம் கறுப்பு. அயோசே படத்தை ரொம்ப நேரம் பார்த்தான்.

“எனக்குக் கறுப்பாத் தெரியலையே டாக்டர். அங்க ஒண்ணுமே இல்லாத மாதிரிதான் இருக்கு.”

“அதான் இந்த வியாதி” என்றார் அவர்.

திரும்பும் வழியில் எரிமலைக் கற்களுக்கு நடுவே வண்டியை நிறுத்தச் சொன்னான். இறங்கி நின்றான். நான் இறங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்து ஏறிக்கொண்டான்.


நவம்பர் 27, வியாழன்

மருந்து ஊற்றும்போது மட்டும் என் மடியில் தலைவைக்கிறான். மற்ற நேரம் பேச்சில்லை.


டிசம்பர் 3, புதன்

வேன் சாவியை இதைரா முன்னால் வைத்தான். “கண்ணாடி உடைஞ்சா உன் சம்பளத்துல புடிப்பேன்” என்றான். அவள் சிரித்தாள், பிறகு குளியலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள்.

அவன் கடல் பக்கம் போவதில்லை. கொல்லைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறான். அடித்த சுவருக்கே.


டிசம்பர் 12, வெள்ளி

அலை இடுப்பளவு. வாடைக்காற்று கொஞ்சம்.

பெகோஞா காயம் ஆறி மறுபடி வந்தார். ரப்பர் உடையைத் தொடைக்கு மேல் சுருட்டித் தழும்பை எல்லோருக்கும் காட்டினார். பிறகு எங்கள் வீட்டுக் கொல்லைக்கே வந்துவிட்டார். அயோசே சுண்ணாம்பு வாளியோடு நின்றான். அவரை நேருக்கு நேர் பார்ப்பது அவனுக்கு அதுதான் முதல் தடவை, விபத்துக்குப் பிறகு. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தான்.

“அதெல்லாம் அப்புறம்” என்றார் பெகோஞா. “உங்க மனைவி என்னை மறுபடி ஒண்ணாங்கிளாஸ்ல போட்டுட்டாங்க. என்னைக் கிழிச்சவரே வந்து சொல்லிக்கொடுக்கட்டும்.”

“அம்மா, எனக்குக் கண்ணு —”

“தெரியும். ஊருக்கே தெரியும். எனக்கு முழங்கால் சரியில்ல. நான் உங்க வலப்பக்கமே நிக்கறேன். கிளம்புங்க, கால் விறைக்குது.”

வாளியை வைத்துவிட்டுக் கிளம்பினான். நான் கேட்டிருந்தால் வந்திருக்க மாட்டான். அது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. எழுதிவிட்டேன்.

பெரிய மணலில், இடுப்பளவு தண்ணீரில் நின்றான். இத்தனை வருடத்தில் அவன் அங்கே நின்று நான் பார்த்ததில்லை. முதல் நாள்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அவனுக்குப் பொறுமை கிடையாது. இன்றும் பெரிய பொறுமை இல்லை. “குனியாதீங்க! தரையில காசா கெடக்கு?” என்று கத்தினான். “பள்ளிக்கூடத்துல நானும் இப்படித்தான் கத்துவேன், ஒருத்தனும் படிக்கல” என்று பெகோஞா திருப்பிக் கத்தினார்.

பெரிய மணலில் அலை நேர் எதிரே வருகிறது, வரிசையாக. பக்கவாட்டில் எதுவும் வருவதில்லை. அவன் எதையும் தவறவிடவில்லை.


டிசம்பர் 13, சனி

இன்றும் போனான். நான் இடம் ஒதுக்கும்போது, “என்னைப் பெரிய மணல்ல போடு” என்றான். இதைரா குறும்பாக என்னைப் பார்த்தாள். நான் கடலைப் பார்த்தேன்.


ஜனவரி 5, திங்கள்

மூன்று ராஜாக்கள் திருநாளுக்காகக் குழந்தைகளுக்கு ஊர்வலம். மிட்டாய் எறிந்தார்கள். சானோ ஒட்டகத்தில் வந்த ராஜா. தாடி பாதியில் அவிழ்ந்துவிட்டது. கூட்டத்தில் தன் இடப்பக்கம் நின்ற என்னை அயோசே வலப்பக்கத்துக்கு மாற்றி நிறுத்தினான். சொல்லாமல், தோளைப் பிடித்து. அங்கிருந்தால்தான் அவனுக்கு நான் தெரிவேன்.


ஜனவரி 18, ஞாயிறு

நல்ல வடக்கலை. மொட்டைமாடிக்கு நான் போவதற்கு முன்பே அவன் போயிருந்தான். தலையை மெல்ல மெல்லத் திருப்பி, கடலைத் துண்டு துண்டாகப் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது அப்படித்தான் பார்க்கப் பழகியிருக்கிறான்.

“பெரிய மணல்ல கிழக்குப் பக்கம் மட்டும் எறக்கலாம், மேற்குல இழுக்குது” என்றான். நானும் அதையேதான் நினைத்திருந்தேன். “துறைமூலை இன்னைக்கு வேணாம். அந்தக் குழுவையும் பெரிய மணல்லயே இதைரா பாத்துக்கட்டும்.”

“அப்ப நான்?”

“லா முவேலா.”

பெரிய அலை நாட்களில் எங்களில் ஒருவர் பள்ளியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த ஒருவர் எப்போதும் நான்தான். லா முவேலாவில் நான் இறங்கியது திருமணத்துக்கு முன்பு, அதுவும் சின்ன அலைகளில். அதன் ஒவ்வொரு பாறையும் எனக்குத் தெரியும், கரையிலிருந்து.

“அது என் தரம் இல்ல அயோசே.”

“பலகையைத் தூக்கிட்டு நட, பாக்கறேன்” என்றான்.

நடந்தேன். மொட்டைமாடியில், பலகை இல்லாமல், இருப்பதுபோல் கையை வைத்துக்கொண்டு. அவன் சிரிக்கவில்லை.

“இடிக்கல. போ.”

லா முவேலாவில் அவன் பாறையில் உட்கார்ந்தான். நான் இறங்கினேன். உள்ளே போனதும் ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். சானோ, “வா புள்ள” என்றான், தள்ளி உட்கார்ந்தான். எழும்ப வேண்டிய இடத்துக்கு எனக்கு வழி சொன்னான்: கரையில் தூண்போல நிற்கும் பாறை, அந்தக் கறுப்புத் தூணுக்கு நேரே, கிழக்கே ஒட்டி.

அங்கே போய் உட்கார்ந்து கரையைத் திரும்பிப் பார்த்தேன். அயோசே எழுந்து நின்றிருந்தான். தலை அந்தப் பக்கம் போகிறது, இந்தப் பக்கம் வருகிறது. என்னைத் தாண்டிப் போகிறது. இவ்வளவு தண்ணீரில் என் தலை ஒரு புள்ளி. மறுபடி தேடுகிறான்.

நான் பலகையைத் திருப்பி மேற்கே துழாவினேன்.

“எங்க போற? அங்க அலை உடையாது புள்ள!” என்றான் சானோ.

“தெரியும்.”

அவன் நிற்கும் பாறைக்கு நேர் எதிரே வந்து நிறுத்தி, பலகைமேல் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கையைத் தூக்கினேன். ஒரு வரிசை அலை எனக்குக் கிழக்கே வந்து உடைந்துபோனது, நல்ல அலைகள். அடுத்த வரிசையும் போனது. சானோ ஏதோ கத்தினான். நான் கையை இறக்கவில்லை.

அயோசேயின் தலை நின்றது. கை உயர்ந்தது.

அதன் பிறகு கறுப்புத் தூணுக்குத் திரும்பிப் போனேன்.